சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த பாடகர்: பில் விதர்ஸ் பாடியதும் பாடாமல் இருந்ததும்

1971இல் வெளிவந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற இசைத்தட்டின் அட்டையில் ஒருவர் தொழிற்சாலைக் கட்டடத்தின் ஓரமாக நிற்கிறார். கையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. படத்துக்காகப் போட்ட வேஷம் இல்லை அது. கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் இருந்த வெபர் ஏர்கிராஃப்ட் ஆலையில் அவர் உண்மையிலேயே வேலை பார்த்தவர். சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம். போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்து பொருத்துகிற வேலை. வயது 32. பெயர் பில் விதர்ஸ்.

அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவருடைய பாட்டுகள் எங்கேயாவது காதில் விழுந்திருக்கும். 'எயின்ட் நோ சன்ஷைன்', 'லீன் ஆன் மீ', 'லவ்லி டே', 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்'. விளம்பரத்தில், சினிமாவில், யாரோ ஒருவரின் ரிங்டோனில். 'நாட்டிங் ஹில்' படத்தில் கதாநாயகன் சந்தைத் தெருவில் நடந்துகொண்டே நான்கு பருவங்களையும் கடக்கும் காட்சி நினைவிருக்கிறதா? பின்னால் ஒலிப்பது இவருடைய குரல்தான்.

இத்தனை புகழ்பெற்ற மனிதர் தன் கடைசி ஆல்பத்தை 1985இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு இன்னும் 35 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். தன் பெயரில் ஒரு ஆல்பம்கூடப் போடவில்லை.

விதர்ஸ் பாடியது சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை. அதன் பெரிய பாடகர்களில் பலருடைய கதை வேறு மாதிரி முடிந்தது. சாம் குக் 1964இல் 33 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓட்டிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது வயது 26. மார்வின் கேயை 1984இல் பெற்ற தகப்பனே சுட்டார். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'இன்னும் இருந்திருந்தால்' என்று ஏங்குவார்கள். விதர்ஸ் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் சொந்த வீட்டில், மனைவி பிள்ளைகளோடு, நல்ல நினைவோடு இருந்தார். பாடத்தான் இல்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை அவர் எப்படி நிறுத்தினார் என்பதில் இல்லை என்று நினைக்கிறேன். எப்படி வந்தார் என்பதில் இருக்கிறது. இசைத்துறைக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு முழு வாழ்க்கையை அவர் வாழ்ந்துவிட்டார். அந்த வாழ்க்கைதான் அவருடைய பாட்டுகளுக்கு அந்த எளிமையைக் கொடுத்தது. வேண்டாம் என்று எழுந்து போகிற தைரியத்தையும் அதே வாழ்க்கைதான் கொடுத்தது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே ஸ்லாப் ஃபோர்க் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்தால் பிழைத்த ஊர். 1938 ஜூலை 4 அன்று, அமெரிக்கா சுதந்திர தினம் கொண்டாடும் நாளில், அங்கே ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் விதர்ஸ். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஊரில் ஆண்பிள்ளை என்றால் வளர்ந்ததும் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். தன் குடும்பத்தில் சுரங்கத்துக்குப் போகாத முதல் ஆண் தான்தான் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்திலிருந்த பெக்லி என்ற ஊரில்தான் வளர்ந்தார். 13 வயதில் அப்பா இறந்துபோக, வளர்த்து ஆளாக்கியது அம்மாவும் பாட்டியும்.

பையனுக்குத் திக்குவாய். பேச வாயெடுத்தால் வார்த்தை வராது. பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவனால் எதுவும் ஆகாது என்று ஊர் முடிவுகட்டிய நாட்களில், உன்னால் முடியும் என்று நம்பிய ஒரே ஆள் பாட்டி என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாளில் அந்தப் பாட்டியின் கைகளைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாளம் தட்டும் கைகள். பேரனை ஓடாதே, விழுந்துவிடுவாய் என்று தடுக்கும் கைகள். ஊரில் கல்யாணமாகாமல் தாயான பெண்ணை ஆறுதலாகத் தொடும் கைகள். அம்மா அடிக்க வரும்போது குறுக்கே நிற்கும் கைகள். இரண்டு நிமிடப் பாட்டில் ஒரு கிழவியின் முழு ஆயுளும் வந்துவிடுகிறது. பாட்டியின் மனதைப் பற்றி ஒரு வரி இல்லை, முகத்தைப் பற்றி இல்லை. கைகள் செய்த வேலைகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறார், நமக்கு நம் பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

17 வயதில் கடற்படையில் சேர்ந்தார். அமெரிக்க ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டது 1948இல். உத்தரவு வந்து சில ஆண்டுகள் ஆகியும், கடற்படையில் கறுப்பினத்தவர் என்றால் சமையல்காரர் அல்லது அதிகாரிகளுக்குப் பரிமாறுகிற ஆள் என்ற நிலை பெரிதாக மாறவில்லை. இந்த இரண்டில் எதுவாகவும் ஆகக் கூடாது என்பதுதான் தன் முதல் லட்சியம் என்றார் விதர்ஸ். விமானப் பழுதுபார்க்கும் தொழில் கற்றுக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் அங்கே ஓடின.

திக்குவாயை வென்றதும் அந்தக் காலத்தில்தான். வயது இருபதுகளின் கடைசிக்கு வந்துவிட்டது. கேட்கிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் நாக்கைக் கட்டிப்போடுகிறது என்று தனக்குத் தானே கண்டுபிடித்ததாகவும், எதிரில் இருப்பவரைப் பெரிய ஆளாக நினைத்து நடுங்குவதை நிறுத்தியதும் பேச்சு வந்ததாகவும் விளக்கியிருக்கிறார். பின்னாளில் ரெக்கார்ட் கம்பெனி அதிகாரிகளின் முன்னால் அவர் எப்படி நின்றார் என்பதைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1965இல் கடற்படையை விட்டு வந்ததும் வீடு வீடாகப் பால் போடும் வேலை பார்த்தார். கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்தில் முதல் கறுப்பினப் பால்காரர் தான்தான் என்று சொல்வார். அப்புறம் ஆலை வேலைகள். அந்த நாட்களில் ஒருமுறை ஓக்லாந்தில் ஒரு கிளப்புக்குப் போயிருந்தார். பாட வேண்டிய லூ ரால்ஸ் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வர முடியவில்லையா என்று கிளப் மேலாளர் புலம்பிக்கொண்டிருந்தது விதர்ஸின் காதில் விழுந்தது. அவருக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. கொஞ்ச நேரத்தில் லூ ரால்ஸ் உள்ளே வந்தார், கூட்டம் அவரை மொய்த்தது. விதர்ஸ் அடகுக் கடைக்குப் போய் மலிவான கிட்டார் ஒன்று வாங்கினார். பாட்டு எழுதத் தொடங்கினார். கலைதான் உயிர் என்ற பெரிய பேச்சு எதுவும் அவரிடம் இல்லை. மனக்கணக்கு போட்டார், இதையும் செய்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்.

1967இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். பகலில் ஆலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சொந்தச் செலவில் மாதிரிப் பாடல்களைப் பதிவு செய்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கடைசியில் கிளாரன்ஸ் அவான்ட் என்பவர் நடத்திய சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது.

அன்றைய சோல் இசை எப்படி இருந்தது என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவர் எவ்வளவு வித்தியாசமாகத் தெரிந்திருப்பார் என்பது பிடிபடாது. கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் பாடிய காஸ்பல் பாட்டின் உருக்கத்தை எடுத்து, காதலுக்கும் பிரிவுக்கும் பாடியதில் பிறந்தது சோல். 1950களில் ரே சார்ல்ஸ் இதைச் செய்தபோது சாமி பாட்டைக் கெடுக்கிறார் என்று திட்டினார்கள். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்ட் கம்பெனிகள் இதை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோயின. போதகரின் மகளான அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினால் கூரை அதிரும். ஜேம்ஸ் பிரவுன் மேடையில் முழங்காலில் விழுவார், வியர்வையில் குளிப்பார். பளபளக்கும் கோட்டு, பித்தளை வாத்தியங்கள், பின்பாட்டு, ஆட்டம்.

இதற்கு நடுவில் ஒருவர் சாதாரணச் சட்டையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் மின்சாரம் தேவைப்படாத அகூஸ்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது மாதிரிப் பாடினார். கறுப்பினத்தவர் கையில் அகூஸ்டிக் கிட்டார் இருந்தால் ப்ளூஸ் பாடுவார் என்று அன்றைய கம்பெனிகள் நினைத்தன. வெள்ளைக்காரர் கையில் இருந்தால் ஃபோக், அதாவது நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. விதர்ஸ் இந்த இரண்டு அலமாரியிலும் அடங்கவில்லை. அவரை எங்கே வைப்பது என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸ்டாக்ஸில் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ். தன் பழைய தோழர்களான பேஸ் கிட்டார் டொனால்ட் 'டக்' டன்னையும் டிரம்ஸ் அல் ஜாக்சனையும் அழைத்து வந்தார். ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் கிட்டார் வாசித்தார். கையில் காசு இல்லாததால் பதிவு நடுவில் மாதக்கணக்கில் நின்று, பிறகு தொடர்ந்தது.

'எயின்ட் நோ சன்ஷைன்' பதிவானது அப்படித்தான். குடிக்கு அடிமையான கணவன் மனைவியைப் பற்றிய 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' என்ற 1962ஆம் ஆண்டுப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து பிறந்த பாட்டு. நமக்குக் கெடுதல் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஒன்றைத் தேடிப்போகிறோமே, அந்த நினைப்பு. பாட்டின் நடுவில் இன்னொரு சரணம் எழுதுவதாக இருந்தார். அந்த இடத்தை நிரப்ப 'ஐ நோ' என்று சும்மா சொல்லி வைத்திருந்தார். அப்படியே விட்டுவிடு என்றார்கள் ஸ்டுடியோவில் இருந்தவர்கள். நானோ ஆலைத் தொழிலாளி, இவர்களோ இந்தத் தொழிலில் ஊறியவர்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

26 முறை. 'எனக்குத் தெரியும்' என்ற அதே இரண்டு சொல், மூச்சு வாங்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த இடத்தில் பக்கவாத்தியங்கள் கிட்டத்தட்ட ஒதுங்கிக்கொள்கின்றன. குரலும் தாளமும் மட்டும் தனியாக நிற்கின்றன. ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். முதல் ஐந்து ஆறு முறை அது பாட்டு. பத்தைத் தாண்டும்போது ஒரு மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிறது. இருபதைத் தாண்டும்போது, தெரிந்து என்ன பிரயோஜனம் என்ற கையாலாகாத்தனம் வந்துவிடுகிறது. அவள் போக்கு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும், தான் விலக வேண்டும் என்றும் தெரியும், விலக முடியாது என்பதும் தெரியும். இன்னொரு சரணம் எழுதியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்பது என் எண்ணம். மொத்தப் பாட்டே இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

கம்பெனி இந்தப் பாட்டை நம்பவில்லை. 'ஹார்லெம்' என்ற வேறொரு பாட்டை முன்பக்கத்தில் போட்டு, இதைத் தட்டின் பின்பக்கத்தில் வைத்தார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்காவில் அதிகம் ஓடும் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடம். சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக்கான கிராமி விருது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதற்கு சசெக்ஸ் அவருக்குக் கொடுத்த பரிசு, தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கை.

இந்தக் கட்டத்தில் நடந்ததாக விதர்ஸ் சொல்லும் சம்பவம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆலையில் ஆட்குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி ஆலையிலிருந்து. இன்னொன்று, அமெரிக்காவே பார்க்கும் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வரச் சொல்லி. இசைத்தொழில் எப்போது வேண்டுமானாலும் கைவிடும், ஆலை வேலை அப்படி இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அன்று இரண்டு பாதையும் ஒரே மேஜையில் கிடந்தன.

அடுத்த ஆண்டு 'ஸ்டில் பில்' ஆல்பம் வந்தது. வாட்ஸ் 103ஆம் தெரு இசைக்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கேட்சன், ரே ஜாக்சன், மெல்வின் டன்லப், பெனார்ஸ் பிளாக்மன் ஆகியோர் கூட வாசித்தார்கள். 'யூஸ் மீ' பாட்டில் கேட்சனின் டிரம்ஸ் போகிற போக்கை இன்றைக்கும் டிரம்ஸ் பயில்கிறவர்கள் வாசித்துப் பார்த்துக் கை வராமல் தவிக்கிறார்கள். அந்த ஆல்பத்தில்தான் 'லீன் ஆன் மீ' இருக்கிறது.

புதிதாக வாங்கிய வுர்லிட்சர் மின்பியானோவில் விதர்ஸ் விரல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பியானோ தெரியாது. கையைத் தூக்கி இடம் மாற்றாமல், அடுத்தடுத்த கட்டைகளில் விரல்களை மேலே ஏற்றி, அப்படியே கீழே இறக்கினார். ஸ ரி க ம, ம க ரி ஸ. குழந்தை முதல் நாள் செய்யும் பயிற்சி. பாட்டின் மெட்டு அதுதான், வேறொன்றும் இல்லை. உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் குழந்தைகள் அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றால் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். குரலும் அதிகம் ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். பாடத் தெரியாதவர்கள் கூடிப் பாடுவதற்கு இதைவிடத் தோதான பாட்டைக் காண்பது கஷ்டம்.

பொருளும் அப்படி. உனக்குத் தாங்க முடியாதபோது என் மேல் சாய்ந்துகொள், நாளைக்கு எனக்கும் சாய ஒருவர் வேண்டியிருக்கும். காதலியிடம் சொல்வதில்லை இது. நண்பனிடம், அக்கம்பக்கத்தாரிடம் சொல்வது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாத வாழ்க்கையில், ஸ்லாப் ஃபோர்க் மக்களை நினைத்து எழுதினார். சுரங்க ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டு அடுப்பும் அந்த வீட்டுக்காகத்தான் எரியும். சுரங்கம் இன்றைக்கு யாரை விழுங்கும் என்று எவருக்கும் தெரியாது. ஒருவரை ஒருவர் தாங்குவதை நல்ல குணம் என்று அங்கே யாரும் தனியாகப் பாராட்டுவதில்லை. அப்படி இருந்தால்தான் பிழைக்க முடியும்.

இன்னொரு நினைவையும் இந்தப் பாட்டோடு சேர்த்துச் சொல்வார். கடற்படையில் இருந்த காலத்தில் அலபாமாவின் ஒரு கிராமத்துச் சாலையில் கார் டயர் வெடித்துவிட்டது. மாற்று டயர் இல்லை. அலபாமாவில், அந்தக் காலத்தில், தனியாக நின்ற கறுப்பின இளைஞன். மேட்டைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரர் நடந்து வருகிறார், பார்த்தால் பயம் வரும் தோற்றம். என்ன ஆச்சு என்று கேட்டவர், மாற்று டயர் இல்லையா, சரி என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு டயரோடு வந்து, கூடவே நின்று மாட்டியும் கொடுத்தார். இதைக் கேட்ட பிறகு, அந்தப் பாட்டில் 'நண்பன்' என்பவன் எந்த நிறம் என்று சொல்லாமல் விட்டிருப்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. 1972 ஜூலையில் மூன்று வாரம் பில்போர்ட்டின் முதலிடத்தில் இருந்தது இந்தப் பாட்டு.

அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு, நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. யாராவது விதர்ஸை எங்கே தொடங்குவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வார்த்தை வராமல் தவித்த பையன் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நிதானமாகக் கதை சொல்கிறார், பாட்டியைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைக்கிறார். பிறகு 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்' என்ற பாட்டு. வியட்நாமில் வலது தோளில் குண்டு பட்ட சிப்பாய், தன்னால் எழுத முடியாது, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறான். தம்பியைப் பட்டாளத்துக்கு எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள் என்கிறான். போர் ஒழிக என்று ஒரு இடத்திலும் இல்லை. இடது கையால் எழுத வராது என்கிற சின்ன விஷயம்தான் முழுப்பாட்டும். ஒன்பது ஆண்டு சீருடை போட்டிருந்தவருக்குத்தான் இந்தக் கண் வாய்க்கும்.

பிறகு சசெக்ஸ் தள்ளாடத் தொடங்கியது. பணம் சரியாக வரவில்லை. கோபத்தில் விதர்ஸ், தான் பதிவு செய்து வைத்திருந்த ஒரு முழு ஆல்பத்தை அழித்துவிட்டார். மேலாளர் என்று யாரையும் வைத்துக்கொள்ளாதவர், சமாதானம் பேச ஆளில்லை. 1975இல் கம்பெனி மூடப்பட, கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே போனது. 1977இல் வந்த 'மெனாஜெரி' ஆல்பத்தில் 'லவ்லி டே' இருக்கிறது. அதன் முடிவில் ஒரே சுரத்தைத் தொடர்ந்து 18 விநாடி பிடிக்கிறார். ஆர்ப்பாட்டமே இல்லாமல், சோம்பல் முறிப்பது மாதிரி.

ஆனால் பெரிய கம்பெனியில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஒரு அதிகாரி இருப்பார். எந்தப் பாட்டைப் பதிவு செய்யலாம், எப்படிப் பித்தளை வாத்தியம் சேர்க்கலாம் என்று முடிவு செய்கிறவர். பாட்டு எழுதுகிறவரான இவரிடம், எல்விஸ் பிரெஸ்லி பாடிய ஒரு பாட்டை எடுத்துத் திரும்பப் பாடு என்றார்கள். கறுப்பினத்தவரின் இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்த வெள்ளை அதிகாரிகளுக்கு 'பிளாக்ஸ்பர்ட்ஸ்' என்று பெயர் வைத்தார், 'கறுப்பு நிபுணர்கள்' என்ற பொருளில். 1978க்குப் பிறகு ஏழு ஆண்டு அவருக்கு ஆல்பமே இல்லை. ஒப்பந்தம் இருந்தது, பாட்டுகள் இருந்தன, வெளியிட விடவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1980இல் சாக்ஸஃபோன் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்துக்காக 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாடினார். அது வேறொரு கம்பெனியின் வெளியீடு. 1981இல் பில்போர்ட்டில் இரண்டாம் இடம், இன்னொரு கிராமி. தன் கம்பெனிக்கு வெளியே பாடினால் வெற்றி, உள்ளே பூட்டு. 1985இல் 'வாட்சிங் யூ வாட்சிங் மீ' வெளிவந்தது. அத்தோடு எழுந்து வந்துவிட்டார்.

மனம் உடைந்து ஒதுங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். வருத்தம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 17 வயதிலிருந்து இந்தத் துறையே கதி என்று கிடந்த ஒருவர் அப்படி எழுந்து வர முடியாது. வெளியே போனால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது. விதர்ஸுக்குத் தெரியும். 32 வயதுவரை புகழ் இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர். விமானம் ரிப்பேர் செய்யத் தெரியும், தச்சு வேலை தெரியும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து நடுங்குவதை இருபதுகளிலேயே விட்டவர்.

இன்னொன்றும் உண்டு, அது பணம். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அமெரிக்காவில் ஒரு பாட்டு சாதாரண வானொலியில் ஒலித்தால் காசு போவது அதை எழுதியவருக்கும் அதன் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும்தான். பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. பெரிய குரல் படைத்த எத்தனையோ சோல் பாடகர்கள் வயதான காலத்தில் ஊர் ஊராகக் கச்சேரி செய்து பிழைக்க வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம், அவர்கள் பாடியது அடுத்தவர் எழுதிய பாட்டு. விதர்ஸ் தன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதினார். அந்த உரிமைகளைக் கவனித்துக்கொள்ளச் சொந்த நிறுவனம் இருந்தது, 1976இல் மணந்த மனைவி மார்ஷா அதை நடத்தினார்.

அதனால் அவர் வீட்டில் இருந்தாலும் பாட்டுகள் வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1987இல் கிளப் நூவோ என்ற குழு 'லீன் ஆன் மீ' பாட்டைப் புதுத் தாளத்தில் பாடி மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. சிறந்த பாட்டுக்கான கிராமி எழுதியவருக்குத்தான் என்பதால், 15 ஆண்டுக்கு முன் எழுதிய பாட்டுக்கு 1988இல் விதர்ஸுக்கு மூன்றாவது கிராமி வந்தது. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிகிட்டி' பாட்டு உலகம் முழுக்க ஓடியது. அதில் திரும்பத் திரும்ப வரும் அந்த முனகலும் கிட்டாரும் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டிலிருந்து எடுத்தவை. பாட்டியின் கைகள் பேரனை அப்போதும் தாங்கிக்கொண்டிருந்தன.

2009இல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது, ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'ஸ்டில் பில்'. அதில் திக்குவாய் உள்ள பிள்ளைகள் நாடகம் போடும் ஒரு குழுவைப் பார்க்கப் போகிறார். ஒவ்வொரு பிள்ளையும் வார்த்தைக்காகப் போராடும்போது அவர் அவசரப்படுத்துவதில்லை, எடுத்துக் கொடுப்பதும் இல்லை. காத்திருக்கிறார். தன் முறை வந்து பேசத் தொடங்கும்போது கண் கலங்கிவிடுகிறது.

2015 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவி வொண்டர். அதே ஆண்டு அக்டோபரில் கார்னகி ஹாலில் 1972 கச்சேரியின் பாட்டுகளை இன்றைய பாடகர்கள் ஒன்றுகூடி மறுபடி பாடினார்கள்.

2020 மார்ச் 30 அன்று இதயக் கோளாறால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். வயது 81. குடும்பத்தார் ஏப்ரல் 3 அன்றுதான் செய்தியை வெளியே சொன்னார்கள். கொரோனாவால் ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்திருந்த வாரங்கள் அவை. மருத்துவமனை ஊழியர்களுக்காகவும் தனித்திருந்தவர்களுக்காகவும் 'லீன் ஆன் மீ' பாட்டைப் பாடிப் பதிவு செய்து போடுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள், செவிலியர்கள், தனித்தனி அறைகளில் இருந்தபடி கூடிப் பாடிய பாடகர் குழுக்கள். எழுதியவர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.